கல் எங்கிருந்து வந்தது?

எழுபதுகளில் எங்கள் கல்லூரியில் சரித்திரம் கற்பித்த ஆசிரியர், பாடநூலைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, சில சனிக்கிழமைகளில் எங்களைச் சைக்கிளில் யாழ்ப்பாணத்துக் கந்தரோடைக்கு அழைத்துச் செல்வார். அங்குள்ள சிறு பௌத்தத் தாதுகோபங்களைக் கட்டியவர் யார் என்று நாங்கள் கேட்டால், "அது பிறகு. முதல்ல கல் எங்கையிருந்து வந்தது எண்டு பார்" என்பார். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், என்று ஒருவன் சொன்னால், கடல் எவ்வளவு தூரம், எத்தனை வண்டில் வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். 1981இல் பொறியியல் படிப்பதற்காக இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரில் வந்து இறங்கியபோது, அந்தக் கேள்வியும் என்னோடு வந்துவிட்டது.

காரைநகர் கசூரினா மணலில் ஓடித் திரிந்தவனுக்கு பிரைட்டன் கடற்கரை ஏமாற்றமாகவே இருந்தது. மணலே இல்லை, கால் வைத்த இடமெல்லாம் உருண்டைக் கற்கள். அவை தீக்கற்கள் என்பதையும், நகருக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் வெண்சுண்ணக் குன்றுகளுக்குள் பழங்காலக் கடற்பஞ்சுகளின் சிலிக்காவிலிருந்து உருவாகி, அலை அரித்த பாறைகளிலிருந்து உதிர்ந்து வந்தவை என்பதையும் பின்னர் அறிந்தேன். நகரின் பழைய வீட்டு மதில்களிலும் அதே கற்கள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. குடிநீரும் அந்தச் சுண்ணக் குன்றுகளின் அடியிலிருந்தே வருவதால், தங்கியிருந்த அறையின் கேத்தலில் ஒரு கிழமைக்குள் வெள்ளைப் படிவு பிடித்தது. ஊர்க் கிணற்று நீரை நினைவூட்டிய அந்தப் படிவுதான் எனக்கு அங்கு முதலில் கிடைத்த உறவு.

மீனவர் கிராமமாக இருந்த இடம், கடல்நீர் நோய் தீர்க்கும் என்று எழுதிய மருத்துவர் ரிச்சர்ட் ரசலால் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெயர் பெற்றது. 1783இல் முதன்முறையாக இங்கு வந்த இளவரசர், பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னரானவர், தமது மாளிகையை 1815 முதல் 1822 வரை ஜோன் நாஷ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு இந்தியக் குவிமாடங்களுடன் மாற்றிக் கட்டுவித்தார். இருவருமே இந்தியாவைப் பார்த்தவர்கள் அல்லர். கல்லைத் தேடிய நான் இங்கே நன்றாக ஏமாந்தேன். அந்தப் பெருங்குவிமாடத்தைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம், மேலே சாந்துப் பூச்சு. அந்தக் காலத்திலேயே பட்னாவில் பிறந்த சேக் தீன் மகமது என்பவர் இதே கடற்கரையில் ஆவிக்குளியலும் உடல்பிடிப்பும் நடத்தி, அரச குடும்பத்துக்கும் சிகிச்சை செய்து வந்தார். 1851இல் இறந்த அவருடைய கல்லறை புனித நிக்கலஸ் தேவாலய வளவில் இருக்கிறது. 1883இல் தொடங்கி இன்றும் கரையோரம் ஓடும் வோல்க்கின் மின்சார இரயிலையும், 1975இல் மூடப்பட்டு 2003இல் எரிந்து எலும்புக்கூடாக நிற்கும் மேற்கு இறங்குதுறையையும் சுற்றுலாக் கையேடுகளே போதுமான அளவு சொல்கின்றன.

நான் சொல்ல விரும்புவது வேறொன்று. நகரின் வடக்கே, பட்சம் என்ற ஊருக்கு மேலே, வரைபடத்தில் 'சத்ரி' என்ற பெயரைக் கண்டு, சத்திரமாக்கும், தேநீராவது கிடைக்கும் என்று எண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போனேன். வாகனம் செல்லும் பாதை கிடையாது. செம்மறிகள் மேயும் புல்வெளியின் நடுவே, எட்டுத் தூண்களின் மேல் வெள்ளைக் குவிமாடமொன்று தனியே நின்றது. சத்ரி என்றால் குடை என்பது அங்குதான் விளங்கியது.

முதலாம் உலகப் போரில், பிரான்சின் போர்முனையில் காயமுற்ற இந்தியப் படையினருக்காக, 1914 டிசம்பரில் மேற்படி மாளிகை மருத்துவமனையாக்கப்பட்டது. சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள் அமைத்து, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் குடிநீர்க் குழாய்களைக்கூடப் பிரித்து வைத்திருந்தார்கள். மன்னரின் ஆடம்பர மண்டபச் சரவிளக்குகளின் கீழே கட்டில்கள் நிரை நிரையாகக் கிடக்கும் புகைப்படங்கள் இன்றும் உள்ளன. நகரின் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியப் படையினர் 53 பேர் இந்தக் குன்றின் மேல் திறந்தவெளியில் தகனம் செய்யப்பட்டனர். அஸ்தி கடலில் கரைக்கப்பட்டது. முஸ்லிம்களை வோக்கிங் நகருக்கு அருகே அடக்கம் செய்தனர். பம்பாயைச் சேர்ந்த இளம் கலைஞர் ஈ. சி. என்றிக்ஸ் வரைந்த நினைவிடத்தை, 1921 பெப்ரவரி 1இல் வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். தகன மேடைகள் இருந்த இடத்தை மூன்று கருங்கற் பலகைகள் மூடியிருக்கின்றன. இறந்தவர்கள் நெருப்பினூடே கடந்து சென்றதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நம்மூர்ச் சுடலைகளில் நின்று பழகிய எனக்கு, ஆங்கிலேயர் எழுதிய அந்த வரி அந்நியமாகப் படவில்லை. இரண்டாம் உலகப் போரில் இதே இடம் துப்பாக்கிப் பயிற்சிக்குள் அகப்பட்டு, குண்டுகள் துளைத்து, பின்னர் செப்பனிடப்பட்டது என்பதை அறிந்தபோது சிறிது கோபம்கூட வந்தது.

குவிமாடத்தின் பளிங்குக்கல் சிசிலியிலிருந்து வந்தது. ஆசிரியரிடம் இதைச் சொல்ல முடிந்திருந்தால், கப்பலா வண்டிலா, குன்றின் மேல் யார் ஏற்றினார்கள் என்று கேட்டிருப்பார். அதற்கு என்னிடம் விடை இருந்திருக்காது.

2010இல் அருகே ஒரு சுவர் எழுப்பி, 53 பெயர்களையும் பொறித்தார்கள். ஆண்டுதோறும் யூன் மாத ஞாயிறொன்றில் அங்கு அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. எம் வகுப்புத் தோழர் எவராவது அந்தப் பக்கம் வருவதாயின், முன்கூட்டியே அறிவித்தால் நான் கூட வருகிறேன். வழியில் சேறு இருக்கும். நல்ல சப்பாத்து போட்டு வரவும், தேநீரைப் போத்தலில் கொண்டு வரவும்.