குன்னூரில் சீனப் பேனாக்கள்: ஒரு மழைக்கால நாட்குறிப்பு

அக்டோபர் 9, 2024

சீன மைப் பேனாக்களின் பார்சல் வந்துவிட்டது. ஜின்ஹாவ் எக்ஸ் 750 இரண்டு, எக்ஸ் 159 ஒன்று, உடம்பு முழுக்கக் கண்ணாடியாகத் தெரியும் 992 ஒன்று, விங் சங் 3008 ஒன்று. இந்த ஐந்துக்கும் கொடுத்த பணத்தில் ஜெர்மன் தங்க நிப் ஒன்றுகூட வாங்க முடியாது. விலை குறைவு என்பதற்காக மட்டும் இவற்றை நான் வாங்கவில்லை. கழற்றிப் பார்க்கக் கை நடுங்காத பேனாக்கள் இவை. பேனா எப்படி எழுதுகிறது என்பதை நான் கற்றுக்கொண்டதே சீனப் பேனாக்களைப் பிரித்துத்தான்.

புதுப் பேனாவில் உடனே மை ஊற்றக் கூடாது. நிப்பின் அடியில் இருக்கும் நாக்கு அச்சில் வார்த்து எடுத்தது. அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய எண்ணெய்ப் பசை அதன் பள்ளங்களில் கொஞ்சம் தங்கியிருக்கும். அந்தப் பசை மையைத் தள்ளிவிடும். நான்கு வரி நன்றாக எழுதி ஐந்தாவது வரியில் வறண்டுபோகும் புதுப் பேனாக்கள் பலவற்றுக்கு நோய் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, உறிஞ்சி உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் அலச வேண்டும். கீழே சமவெளியில் ஓர் இரவில் காய்ந்துவிடும். இங்கே அடுப்படி மேடையில் வைத்தாலும் நாளை மாலை ஆகிவிடும்.

காயும்வரை நிப்புகளை லென்ஸில் பார்த்தேன். நகை ஆசாரிகள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ். சிலவற்றில் நடுப்பிளவின் இருபுறமும் உள்ள கால்கள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கின்றன. ஒன்றில் பிளவு நுனியில் இறுகி மூடியிருக்கிறது. இந்த விலைக்கு ஒவ்வொரு நிப்பையும் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்து அனுப்ப முடியாது. அந்தக் கடைசி வேலை வாங்குகிறவரிடம் வருகிறது. அதைச் செய்யாமலே "சீனச் சரக்கு, கீறுது" என்று மேசை டிராயரில் போட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அக்டோபர் 12

நேற்று ஆயுத பூஜை. புத்தகங்களோடு ஐந்து பேனாக்களும் சந்தனப் பொட்டோடு சரஸ்வதி படத்தின் முன்னால் இருந்தன. இன்று விஜயதசமி. எழுத்தைத் தொடங்கும் நாளில் நிப்புகளைச் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

முதலில் கால்களைச் சமப்படுத்துவது. உயர்ந்து நிற்கும் காலைக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாகக் கீழே அழுத்தி, விட்டு, லென்ஸில் பார்க்க வேண்டும். நுனி உருண்டையின் இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்துக்கு வந்தால் கீறல் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தேய்க்கவே வேண்டியிருக்காது. பிளவு இறுகியிருந்தால் 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டை உள்ளே நுழைத்து மேலும் கீழுமாக இழுக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பிளவின் மேல்முனையில் இருக்கும் கண் துளையில் தொடங்கி நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் ஒளிக்கோடு தெரிய வேண்டும்.

எங்கே கீறுகிறது என்று தாளே சொல்லும். இடப்பக்கம் இழுக்கும்போது கீறினால் வலக்கால் தாழ்ந்திருக்கிறது. வலப்பக்கம் போகும்போது கீறினால் இடக்கால். பேனாப் பிரியர்கள் எட்டு போட்டுப் பார்ப்பார்கள். நான் ழ, ஞ, இ, ணை எழுதிப் பார்ப்பேன். 'இ' உள்ளுக்குள் சுருண்டு, வெளியே வந்து, கீழே வளைகிறது. 'ழ' கடைசியில் அடியில் போய்ப் பின்னால் திரும்புகிறது. நிப் எல்லாத் திசையிலும் போய்வந்துவிடும். ஆங்கிலம் எழுதி மென்மை என்று தேர்ச்சி பெற்ற நிப், 'ஞ'வின் உட்சுழியில் தாளைக் கிள்ளுவதுண்டு.

அதற்கும் பிறகு மிச்சமிருக்கும் சொரசொரப்புக்குத்தான் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய உப்புத்தாள், 12000 எண். அது இல்லாதவர்கள் ஃபேன்சி ஸ்டோரில் நகம் மெருகேற்றும் பஃபர் வாங்கி, அதன் மிக வழவழப்பான பக்கத்தைப் பயன்படுத்தலாம். நிப்பில் மை இருக்கும்போதே, அழுத்தமே இல்லாமல், சில சுற்று. அவ்வளவுதான். ஆசைப்பட்டுத் தேய்த்துக்கொண்டே போனால் பிளவின் உள்விளிம்புகள் மழுங்கிவிடும். மை தாளைத் தொடாமல் உள்ளேயே நின்றுவிடும். வழுக்கிக்கொண்டு போகும் நிப், ஆனால் ஒவ்வொரு சொல்லின் முதல் கோடும் விழாது. கீறும் நிப்பைத் திருத்தலாம். இதைத் திருத்துவது மிகவும் கடினம்.

எக்ஸ் 750 இரண்டும் இப்போது நன்றாக எழுதுகின்றன.

அக்டோபர் 19

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் பெரிய மழை இந்த மாதங்களில்தான். ஊட்டிக்கு மேற்கே கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியிலேயே கொட்டித் தீர்ந்திருக்கும்.

தாள் ஈரத்தைக் குடித்துவிட்டது. போன வாரம் மயிரிழையாக எழுதிய அதே பேனா, அதே கேம்லின் மை, அதே லாங் சைஸ் நோட்டு. இன்று எழுத்தின் ஓரமெல்லாம் வேர் விடுகிறது. இதைப் பேனாவின் குற்றமாக எண்ணி நிப்பில் கை வைக்கக் கூடாது. எழுத வேண்டிய தாள்களை ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு போட்டு வைத்திருக்கிறேன். சீன நிப்புகள் பொதுவாக மெல்லியவை என்பது மழைக்காலத்தில் பெரிய உதவி. மை கொஞ்சம் பரவினாலும் 'ண'வின் சுழிகள் அடைபடுவதில்லை.

மைப் புட்டிக்குள் பேனாவை முக்கி உறிஞ்சுவதையும் இந்த மாதங்களில் நிறுத்திவிடுவேன். கேமரா லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. தேவையான மையை ஃபில்லரில் எடுத்து ஒரு சின்னக் குப்பியில் விட்டு, அங்கிருந்துதான் பேனாவுக்கு. மிஞ்சியதைப் புட்டியில் திரும்ப ஊற்றுவதில்லை.

அக்டோபர் 27

மேட்டுப்பாளையத்திலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்தான். சட்டைப் பையில் நீல வட்டம். "அக்கா, கீழே மூணு மாசமா ஒரு சொட்டு ஒழுகல. பர்லியார் தாண்டினதும் இப்படி ஆயிடுச்சு" என்றான். அவனுடையது மை உறிஞ்சி வைக்கும் சின்னக் குழாயான கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, கழுத்து மரையில் ஓ ரிங் என்ற ரப்பர் வளையமும் சிலிக்கான் கிரீஸும் போட்டு, உடம்பு முழுக்க மை ஊற்றிய பேனா. நாம் பள்ளியில் எழுதிய பேனாக்கள் எல்லாமே அந்த வகைதான். சீனக் கண்ணாடிப் பேனாக்களை இப்படி மாற்றுவது எல்லோருக்கும் பிடித்த வேலை. 2 மி.லி.க்கு மேல் மை பிடிக்கும், உள்ளே அலைவதைப் பார்க்கவும் அழகு.

காரணம் பேனாவில் இல்லை, மலையில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், குன்னூர் 1,850. ஏறி வருவதற்குள் காற்றழுத்தம் குறைந்து, பேனாவுக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரிய வேண்டியிருக்கிறது. நிறைய மை இருந்தால் காற்று கொஞ்சம், பாதகமில்லை. அவன் பேனாவில் பாதிக்கு மேல் காற்று. அது மையைத் தள்ளியது. மலை ஏறும்போது பேனாவை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, நிப் மேலே பார்க்க வைத்து எடுத்துவர வேண்டும். காற்று நிப் வழியே போய்விடும், மை கீழே நிற்கும்.

மேலே வந்தபின்னும் இந்த வகைப் பேனாவுக்கு இங்கே நிம்மதி இல்லை. இரவெல்லாம் 12 டிகிரியில் கிடந்த பேனாவைக் காலையில் எடுத்து எழுதினால் கைச்சூட்டில் அது 30 டிகிரி வரை போகும். உள்ளே இருக்கும் காற்று நூற்றுக்கு ஆறு பங்கு பெருகும். 2 மி.லி. காற்று என்றால் வெளியே வரும் மை 0.12 மி.லி., அதாவது இரண்டு சொட்டுக்கு மேல். நாக்கின் பள்ளங்களால் அவ்வளவையும் தாங்க முடியாது, தாளில் கக்கிவிடும். கன்வெர்ட்டரில் மொத்தமே 1 மி.லி. கூட இல்லை. அதில் பாதி காற்றானாலும் அரைச் சொட்டு அளவுதான் தள்ளும். நாக்கு அதை வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஆகவே என் முடிவு உறுதி. நீலகிரியில் உடம்பில் மை ஊற்றும் மாற்றம் வேண்டாம். நிறைய மை வேண்டுமென்றால் 3008 போலப் பின்னால் திருகி உறிஞ்சும் பேனா போதும். அதன் தண்டு இறுகினால் சிலிக்கான் கிரீஸை ஊசி முனையளவு தடவலாம். ஆர்.ஓ. வடிகட்டி சர்வீஸ் செய்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். வாசலின் கூடாது, ரப்பரைக் கெடுக்கும்.

தம்பி பேனாவில் கன்வெர்ட்டரை மாட்டிக் கொடுத்தேன். சட்டைக் கறைக்கு எதுவும் செய்ய முடியவில்லை.

நவம்பர் 3

பக்கத்து லைன் தாத்தா ஹீரோ 616 என்ற பழைய சீனப் பேனா ஒன்றைக் கொண்டுவந்தார். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தப்படி கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிற்பாடு வந்த குடும்பம் அவருடையது. "கொழும்புல வாங்கினது, மகள். செக்ரோல், அதான் ஆள் பேர் பதியுற புத்தகம், எழுதினதெல்லாம் இதாலதான். இப்ப மை இறங்கமாட்டேங்குது."

ஷாங்காயில் 1931இல் தொடங்கிய தொழிற்சாலை அது. ஹீரோ என்ற பெயர் 1966இல் வந்தது. 616இன் உருவம் பார்க்கர் 51ஐப் பார்த்துச் செய்தது. நிப் முழுக்கக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். இந்த மலைக்கு அதைவிடப் பொருத்தமான மலிவுப் பேனா இல்லை என்பேன். கூட்டுக்குள் நிப்பைச் சுற்றி அடுக்கடுக்கான பள்ளங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. தள்ளப்படும் உபரி மையை அது பிடித்து வைத்துக்கொள்கிறது.

பழைய மை அந்த அடுக்குகளில் கட்டியாகிக் கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சைக்கிள் ட்யூப் துண்டால் பிடித்துக் கூட்டைத் திருகிக் கழற்றினேன். வெந்நீர் கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும். தண்ணீர் நீலமாக வந்துகொண்டே இருந்தது. மை உறிஞ்சும் பை இன்னும் நெகிழ்வாக இருப்பது ஆச்சரியம். பிரில் நீலம் ஊற்றிக் கொடுத்ததும் தாத்தா எழுதியது ஒரு பெயர்ப் பட்டியல். அவருடைய பழைய தோட்டத்து ஆட்களாம். கோணாத, தலைக்கட்டு நேரான எழுத்து. ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

நவம்பர் 16

எக்ஸ் 750இல் ஜீப்ரா ஜி நிப் பொருத்திப் பார்த்தேன். தொட்டு எழுதும் ஜப்பானிய நிப் அது. அழுத்தினால் விரிந்து தடித்த கோடு போடும். சீனப் பேனாவில் அதை மாட்டுவது உலகம் முழுக்கப் பிரபலமான மாற்றம். அந்த நிப் விரியும்போது கேட்கும் மையை இந்த நாக்கு கொடுப்பதில்லை. கோடு நடுவில் வெளுத்து இரண்டு தண்டவாளமாகப் பிரிகிறது. மெல்லிய பிளேடால் நாக்கின் நடு வாய்க்காலைச் சற்று ஆழமாக்கியதும் சரியானது. ஆனால் தமிழுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆங்கிலக் கோடுகளில் கீழிறங்கும்போது அழுத்தி, ஏறும்போது விடலாம். நம் சுழிகளில் ஊசி போன்ற அந்த நுனி மேலே ஏறும்போது தாளைக் குத்துகிறது. அது சாதாரண எஃகு, மையிலேயே நின்றால் துருப்பிடிக்கும். தொட்டு எழுதித் துடைத்து வைக்கத்தானே செய்தார்கள்?

எக்ஸ் 159இன் பெரிய நிப்பைப் பட்டையாகத் தேய்த்தது வேறு விதம். முனையைத் தட்டையாக்கி, நான்கு விளிம்புகளையும் நன்றாக உருட்டிவிட்டேன். க, ட, ப மூன்றும் கோயில் கல்வெட்டு மாதிரி நிற்கின்றன. சுழி எழுத்துக்களுக்கு இடம் வேண்டும், ஆகவே பெரிதாக எழுதத்தான் இது. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டும் திருக்குறள் அட்டைகளை இனி இதில் எழுதப் போகிறேன்.

டிசம்பர் 1

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இடக்கைக்காரி. "மிஸ், எனக்கு இங்க் பேனா செட்டே ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள். எழுதச் சொல்லிப் பார்த்தேன். கையை வரிக்கு மேலே வளைத்துப் பிடிக்கிறாள். நாம் இழுக்கும் கோடுகளை அவள் தள்ளுகிறாள். எழுதியதன் மேலேயே கையும் நகர்கிறது. இந்த ஈரத்தில் மை காய்வதற்கும் நேரம் ஆகிறது.

இரண்டாவது எக்ஸ் 750ஐ அவளுக்கென்று எடுத்தேன். என் கையில் தேய்த்தால் பயனில்லை. அவளே பிடித்து, அவள் கோணத்தில், மைக்ரோமெஷ் மேல் 'இ' எழுதினாள். நான் இடையிடையே லென்ஸில் பார்த்தேன். பிறகு நிப்பின் கால்களை ஒரு துளி நெருக்கி மை இறங்குவதைக் குறைத்தேன். கோடு மெலிந்தது, சீக்கிரம் காய்ந்தது. நோட்டை வலப்பக்கம் சாய்த்து வைத்துக் கையை வரிக்குக் கீழே கொண்டுவரவும் சொல்லிக்கொடுத்தேன். அது பழக நாளாகும், கட்டாயப்படுத்தவில்லை.

ஒரு பக்கம் எழுதி முடித்து உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். சுண்டுவிரல் ஓரத்தில் மட்டும் நீலம். "இதை நானே கழுவிக்கலாமா மிஸ்?" என்று கேட்டாள். கழற்றி மாட்டுவதை அவளை வைத்தே செய்ய வைத்தேன். பேனாவையும் கொடுத்தனுப்பினேன்.

அவள் வகுப்பில் இன்னும் இரண்டு இடக்கைப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அடுத்த பார்சலில் எக்ஸ் 750 மூன்று, கன்வெர்ட்டர் ஐந்து, 12000 மைக்ரோமெஷ் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன்.