மூக்கு வழியாகவா, மண்டையைத் திறந்தா? அம்மாவின் பிட்யூட்டரி ஆபரேஷன்

ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து 3 வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஓரப்பார்வை போய், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே இருந்தார். 2 முறை கண்ணாடி பவரை மாற்றினார்கள். மூன்றாவதாகப் பார்த்த கண் டாக்டர்தான் ஃபீல்டு டெஸ்ட் (ஓரப்பார்வைப் பரிசோதனை) செய்துவிட்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பியில் 2.6 செ.மீ. கட்டி, பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

முதல் மருத்துவமனையில் மண்டையைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று தேதியே குறித்துவிட்டார்கள். மூக்கு வழியாக முடியாதா என்று கேட்டேன், பதில் இல்லை. சரி, இன்னொருவரிடமும் கேட்போம் என்று ராத்திரி ரயிலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னை போனால், அங்கே முதல் கேள்வியே "புரோலாக்டின் எவ்வளவு?" அது பிட்யூட்டரி சுரக்கிற ஒரு ஹார்மோன், அந்த ரத்தப் பரிசோதனையை யாரும் எழுதித் தரவே இல்லை. புரோலாக்டின் சுரக்கிற கட்டி பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கிவிடும், கத்தியே தேவைப்படாது. இதைக்கூடப் பார்க்காமல் தேதி குறித்திருக்கிறார்கள்! கொண்டுபோன எம்ஆர்ஐ சிடியைப் போட்டால் அதில் ரிப்போர்ட் மட்டும்தான், படங்கள் இல்லை. அந்தப் பயணம் வீண். படங்களுக்காகத் திரும்பிப் போனால் ரெக்கார்டு பிரிவில் கையெழுத்து, ஜெராக்ஸ் என்று 2 நாள் அலைய வைத்தார்கள்.

அதனால் சிடியை வாங்கிய இடத்திலேயே போட்டுப் பாருங்கள். புரோலாக்டின், காலை 8 மணி கார்டிசால், ஐஜிஎஃப்-1, தைராய்டு என்று ஹார்மோன் ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். தைராய்டில் டிஎஸ்எச் மட்டும் போதாது, ஃப்ரீ டி4-ம் வேண்டும்.

அம்மாவுக்கு மாத்திரையில் தீராத வகை. சென்னை டாக்டர் படம் வரைந்தே விளக்கினார். மைக்ரோஸ்கோப், எண்டோஸ்கோப் இரண்டுமே மூக்கு வழிதான். மைக்ரோஸ்கோப்பில் வெளியே இருந்து நேர்கோட்டில் மட்டும் பார்க்கலாம். எண்டோஸ்கோப் கட்டிக்குப் பக்கத்திலேயே போய், சாய்ந்த லென்ஸில் மூலைகளையும் காட்டும். கட்டி பக்கவாட்டில் ரொம்பப் பரவி, மூக்கு வழியாக எட்டாவிட்டால்தான் மண்டையைத் திறப்பது. ஆனால் கருவியைவிடக் கை முக்கியம், வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், காது மூக்கு தொண்டை சர்ஜனும் கூட இருப்பாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

எண்டோஸ்கோப்பில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் 2 நாள் சிறுநீர் லிட்டர் கணக்கில் போனது, சிறுநீரைக் குறைக்கிற டெஸ்மோபிரசின் மருந்து கொடுத்ததும் நின்றது. மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்பு ருசியாகத் தண்ணீர் மாதிரி மூக்கில் ஒழுகினால் உடனே ஓட வேண்டும், அது மூளைநீராக இருக்கலாம்.

பயந்தது 8-ம் நாள்தான். வீட்டில் வாந்தி, தலைவலி, பேச்சில் ஒரு குழப்பம். பக்கத்து கிளினிக்கில் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் "ஒரு வாரம் கழித்து சோடியம்" என்று இருந்த வரியைக் காட்டி, ரத்தம் எடுக்காமல் நகர மாட்டேன் என்று நின்றேன். சோடியம் 121, ரத்தத்தில் உப்பு ரொம்பக் குறைந்திருந்தது! அன்று ராத்திரியே அட்மிட் செய்து, தண்ணீர் அளவைக் குறைத்து, நாலு நாளில் சரியானது.

நேற்று ஃபீல்டு டெஸ்ட். இடது ஓரம் முழுசாகத் திரும்பிவிட்டது, வலது பக்கம் மேலே மட்டும் கொஞ்சம் பாக்கி.