மூன்றாம் தடவை எனாமல்: கதவு இந்த முறை சுருங்கவில்லை

ஒரு வழியாக அறைக் கதவு ஒழுங்காக வந்துவிட்டது. ஒரு பக்கம்தான். மறுபக்கம் இன்னும் பிரைமரோடு, அதாவது அடிப்பூச்சோடு, நிற்கிறது. முழுக்க முடியும்வரை பொறுக்க முடியவில்லை. இதே பக்கத்தை இரண்டு தடவை அடித்து, இரண்டு தடவையும் சுரண்டி எடுத்தவனுக்கு இந்தப் பெருமை கூடவா கிடையாது?

முதல் தடவை நிலையிலிருந்து கழற்றாமலே அடித்தேன். சோம்பல், வேறென்ன. பேனல் ஓரமெல்லாம் மெழுகுவர்த்தி போல வடிந்து நின்றது. இரண்டாம் தடவை கழற்றி ஸ்டூல்கள் மேல் படுக்கவைத்தேன். படுத்திருக்கிற கதவில் எங்கே வடியப் போகிறது என்ற தைரியத்தில் பெயின்டைத் தாராளமாகவே வைத்தேன். மறுநாள் பார்த்தால், பேனல் பள்ளங்கள் வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கிக் கிடந்தன. நகத்தால் கீறினேன். மேலே பாலாடை மாதிரி ஒரு ஆடை, அடியில் காயாத பெயின்ட்.

காரணம் எளிது, எனக்குத்தான் உறைக்கவில்லை. பெயின்டை இளக்கக் கலக்கும் டர்பன்டைன் பறந்துபோவதால் மட்டும் எனாமல் காய்ந்துவிடாது. அதிலுள்ள எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது. ஆக்சிஜன் மேலேயிருந்து மட்டும்தானே வரும்? கனமாக வைத்தால் மேல்பரப்பு முதலில் இறுகி ஆடையாகிவிடும், அடியில் இருப்பது அப்படியே இளகிக் கிடக்கும். அந்த ஆடை விரியும்போது பிடித்துக்கொள்ளக் கீழே எதுவுமில்லை, மடிந்துவிடும். வெயிலில் வைத்தால் இன்னும் மோசம். சீக்கிரம் காயட்டும் என்று நான் வைத்ததும் வெயிலில்தான்!

சுருங்கியதை வழித்து எடுத்து, மிச்சம் கெட்டிப்படக் காத்திருந்து உப்புத்தாள் போட்டதில் ஒரு வாரத்துக்கு மேல் போயிற்று. அவசரப்பட்டுத் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், பெயின்ட் உருண்டு உருண்டு வரும்.

இந்தத் தடவை எல்லா அக்கறையும் பள்ளத்துக்குத்தான். ஒரு அங்குல பிரஷ்ஷால் முதலில் பள்ளங்களை மட்டும் அடித்தேன். உடனே பெயின்ட் தொடாத இன்னொரு பிரஷ்ஷை மூலைகளில் ஓட்டி, தேங்கியதை உறிஞ்சி எடுத்தேன். அந்தக் காய்ந்த பிரஷ்தான் மொத்த ரகசியமும். ஒவ்வொரு மூலைக்கும் பிறகு அதைத் துணியில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலாவது மூலையில் அது உறிஞ்சுவதற்குப் பதில் வைக்கத் தொடங்கிவிடும். ஐந்து நிமிடம் கழித்து டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்து மறுபடி பார்த்தேன். இரண்டு மூலையில் திரும்பவும் தேங்கியிருந்தது.

சமதளத்தில் முதலில் குறுக்கே பரப்பி, பிறகு மரத்தின் ரேகைப் போக்கில் முனை மட்டும் படுகிற மாதிரி ஒரே இழுப்பு. இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. கை அரிக்கும், போகக் கூடாது. பன்றிமுடி பிரஷ்ஷுக்கும் நைலானுக்கும் இந்த இழுப்பில்தான் வித்தியாசம் தெரிகிறது. முடிப் பிரஷ் விட்ட கோடுகள் தானாகவே சமமாகிவிட்டன. பெயின்டில் லிட்டருக்கு 50 மில்லி டர்பன்டைன் சேர்த்திருந்தேன், அதுவும் கைகொடுத்திருக்கலாம். மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி, 320 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு.

டர்பன்டைன் பற்றி ஒரு புலம்பல். நான் டர்பன்டைன் கேட்க, கடையில் என்.சி. தின்னரை (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கானது) தந்து "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒண்ணே இல்லை. தூசி துடைக்கலாமென்று அதைத் தொட்டுத் துடைத்ததில் பிரைமர் கொப்பளித்து எழும்பிவிட்டது. இப்போதெல்லாம் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

அடுத்து அலமாரி. உள்பக்கத்துக்கு வெள்ளை எனாமல் அடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். வெளிச்சம் படாத இடத்தில் எண்ணெய்ப் பெயின்டின் வெள்ளை நாளடைவில் மஞ்சளாகிவிடும். அங்கே தண்ணீர் பெயின்ட்தான். கேட்டின் துத்தநாகம் பூசிய குழாய்களும் பாக்கி. அதன் மேல் நேராக எனாமல் அடித்தால் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஆகி உரிந்து வரும், அதற்கென்று இருக்கிற பிரைமர் வாங்க வேண்டும்.

துடைத்த துணிகளை மறந்தும் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். உலர்கிற எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். நான் தண்ணீர் நிரம்பிய வாளியில் முக்கி வைத்திருக்கிறேன்.

மறுபக்கத்தை ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம் என்று நேற்று கதவைத் திருப்பினேன். அப்போதுதான் கவனித்தேன், கதவின் அடிவிளிம்பில் பிரைமர்கூடப் படவில்லை. மூன்று தடவையும்.