58 இன்டு 15

அக்டோபர் 22, 2025, புதன்

தீபாவளி லோடு வடிந்துவிட்டது. போன வாரம் ஒரு டெலிவரி வண்டிக்கு 110 பார்சல் ஏற்றினார்கள், இன்று 40. வேலைக்கு ஆள் பிடிக்கும்போது மட்டும் அந்த 110ஐக் காட்டி "மாசம் முப்பதாயிரம்பா" என்பார்கள். முப்பதாயிரம் உண்மைதான். வருடத்தில் ஒரு மாதத்துக்கு உண்மை.

வேலை கேட்டிருந்த மாதவரம் கம்பெனியிலிருந்து போன் இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இப்போது ஓட்டும் வெண்டர் (ஒப்பந்தக்காரர்) கணக்கை ஒருமுறையாவது முழுசாக எழுதி வைக்க வேண்டும். தலைக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தால் எப்போதும் லாபமாகத்தான் வருகிறது.

பார்சலுக்கு 15 ரூபாய். சாதாரண நாளில் ரன் ஷீட்டில் (அன்றைய டெலிவரிப் பட்டியல்) 70. அதில் 12 கைக்குத் திரும்பி வரும்: போன் எடுக்காதவர் 5, சி.ஓ.டி. (கையில் வாங்கும்போது காசு கொடுக்கும்) பார்சலை வாசலில் வேண்டாம் என்பவர் 3, முகவரி தப்பு 2, "நாளைக்கு வாங்க" 2. இந்த 12க்கும் பெட்ரோல் போகிறது, படி ஏறுகிறோம், காசு மட்டும் கிடையாது. ஆக 58 இன்டு 15, 870. மாதம் 26 நாள் வைத்தால் 22,620.

ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர். லோடோடு நின்று நின்று போகும் வண்டி லிட்டருக்கு 45க்கு மேல் கொடுக்காது. பெட்ரோல் 101 என்று வைத்தால் தினம் 135, மாதம் 3,510. ஆயில், பிரேக் ஷூ, செயின் செட், பின் டயர் எல்லாவற்றையும் ஓடும் தூரத்தில் வகுத்தால் கிலோமீட்டருக்கு 60 பைசா வருகிறது. அது 936. பின் டயர்தான் முதலில் போகும். பை முழுக்கப் பின்பக்கம் இறங்குவதால். டேட்டா 349. டி.டி.எஸ்., முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, 1 சதவீதம், 226.

கையில் 17,599.

டி.டி.எஸ். பற்றி ஒன்று. பான் கொடுக்காதவனுக்கு 1 சதவீதம் அல்ல, 20 பிடிப்பார்கள். பிடித்த 1 சதவீதத்தையும் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வாங்கலாம். வருடத்துக்கு 2,700 ரூபாய். ஹப்பில் (பார்சல் பிரித்துக் கொடுக்கும் கிடங்கு) பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அக்டோபர் 25, சனி

போன் வரவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மோந்தா புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது. மழையை மட்டும் நமக்கு விட்டுவிட்டது.

பாலித்தீன் கவர் போட்டாலும் லேபிள் ஓரத்தில் தண்ணீர் இறங்கும். தெர்மல் அச்சு தண்ணீரில் அழியாது, சூட்டில்தான் கறுக்கும். ஆனால் நனைந்த தாள் விரலோடு வந்துவிடும், பார்கோடில் ஒரு கோடு கிழிந்தால் ஸ்கேனர் எடுக்காது. வேபில் எண்ணை (பார்சலின் அடையாள எண்) கையால் அடிக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று இலக்கம், ஈர விரலில். ஒன்று தப்பினால் வேறு யாருடைய பார்சலோ டெலிவரி ஆனதாகக் காட்டும். மழை நாளில் ஹப்பிலேயே கடைசி நான்கு இலக்கத்தை மார்க்கரில் பெட்டியின் அடியில் எழுதிக்கொள்வது நல்லது. மேலே எழுதினால் அதுவும் போய்விடும்.

அக்டோபர் 29, புதன்

மாதவரத்துக்காரர் பேசினார். ஆன்-ரோல், கம்பெனியின் நேரடி வேலை. மாதம் 21,500, பெட்ரோல் தனியாக, கிலோமீட்டருக்கு 2.75.

"சார், பேசிக் எவ்வளவு?"

"அதெல்லாம் லெட்டர்ல வரும் தம்பி."

லெட்டர் எப்போது வரும்? "ஒரு வாரத்துல."

அக்டோபர் 30, வியாழன்

21,500 என்பது சி.டி.சி., நமக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கையில் வருவது அல்ல. பின்பக்கமாகப் பிரித்துப் பார்த்தேன்.

பேசிக் 11,000, மொத்தச் சம்பளம் 19,000 என்று வைத்தால், முதலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம் 1,320, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 618. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 4.81 சதவீதம் 529. கூட்டினால் 21,467. சரியாக உட்காருகிறது. அவர் சொன்ன 21,500 இதுதான்.

நம் பக்கம்: 19,000இல் பி.எஃப். 1,320, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 143 போக 17,537. பெட்ரோலுக்கு ஆப் காட்டும் தூரம்தான் கணக்கு. ஆப் 48 கிலோமீட்டர் என்று சொல்லும், வண்டி 60 ஓடியிருக்கும். ஆப்புக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் எப்போதும் திறந்தே இருக்கிறது. 48 இன்டு 2.75, 132. பெட்ரோல் செலவு 135. ஏறக்குறைய சமன். ஆனால் வண்டித் தேய்மானம் 936, டேட்டா 349 நம் தலையில்.

கையில் 16,174.

வெண்டரைவிட 1,425 குறைவு. இதைப் பார்த்துத்தான் பையன்கள் ஆன்-ரோலை விட்டு வெளியே வருகிறார்கள். ஆனால் பி.எஃப்.பில் இரண்டு பங்கும் சேர்ந்து மாதம் 2,640 ஏறுகிறது. முதலாளியின் 1,320இல் 916 பென்ஷனுக்குப் போகும், 404தான் நம் பி.எஃப். கணக்கில் விழும். பத்து வருடம் முடிக்காதவனுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. இந்த வேலையில் பத்து வருடம் முடித்தவர்களைக் கை விரலில் எண்ணலாம்.

தொழில்வரி மறந்துவிட்டேன். மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு 1,250. இன்னும் ஒரு 208 கழியும்.

நவம்பர் 1, சனி

பேசிக் 11,000 என்று யார் சொன்னது? நானே வைத்துக்கொண்டது. 7,600 ஆகவும் இருக்கலாம், 40 சதவீதம். அப்படியென்றால் பி.எஃப். 912தான். கையில் 408 கூட வரும், பின்னால் எல்லாம் குறையும். அஞ்சு வருடக் கிராஜுவிட்டி 11,000க்கு 31,731. 7,600க்கு 21,923.

கையில் கூட வருகிறதே என்று சந்தோஷப்படுவதா வேண்டாமா, தெரியவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

ஒரு வாரம் நாளையோடு முடிகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் இன்று மூன்று பார்சல் பழைய எண்ணில். பழைய எண் 14 என்பது புதிய 31, அதே தெருவில் புதிய 14 என்று வேறொரு வீடு. வாடிக்கையாளர் எண்ணை மட்டும் போட்டுவிடுவார், பழையதா புதியதா என்று போடமாட்டார். புது ஆளுக்கு ஒரு தெருவுக்கு 20 நிமிஷம் இதிலேயே போகும். 600021, 600081 இரண்டும் மாறி வரும் பெட்டிகள் வேறு. ஒருவன் ஒரு பின்கோடில் ஆறு மாதம் ஓடினால் 58 என்பது 64 ஆகும். இந்த ஏரியா பழக்கத்துக்கு எந்தக் கம்பெனியும் தனியாகக் காசு தருவதில்லை. மாதவரம் போனால் 600060, எல்லாம் முதலிலிருந்து.

நவம்பர் 5, புதன்

போன் போட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 8, சனி

ஊக்கத்தொகைப் போர்டு மாற்றியிருக்கிறார்கள். 90 சதவீதம் டெலிவரி செய்தால் பார்சலுக்கு 2 ரூபாய் கூட. 70க்கு 63. நம் 58 என்பது 83 சதவீதம். திரும்பும் 12இல் முகவரி தப்பான 2, வேண்டாம் என்கிற 3, இந்த ஐந்தும் நம் கையில் இல்லை. மிச்சம் 7ஐயும் விடாமல் கொடுத்தால் 65, எட்டலாம். அதற்கு இரண்டாவது சுற்று போக வேண்டும், 15 கிலோமீட்டர் கூட. 63 இன்டு 17, 1,071. கூட வருவது 201. பெட்ரோலும் தேய்மானமும் 43, நேரம் ஒன்றரை மணி. தினமும் முடியாது, சனிக்கிழமை முடியும். சனிக்கிழமை வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

வீட்டுக்கே போகாமல் "வாடிக்கையாளர் இல்லை" என்று போட்டுவிடுவது சிலருக்குப் பழக்கம். லொக்கேஷன் பிடித்துக்கொடுத்துவிடும். ஒரு புகார் வந்தால் அந்த மாத ஊக்கத்தொகை மொத்தமும் போச்சு.

நவம்பர் 9, ஞாயிறு

தபால் கணக்கு. வேண்டாம் என்றாலும் போடாமல் இருக்க முடியவில்லை.

போஸ்ட்மேன், லெவல் 3, ஆரம்பம் 21,700. அகவிலைப்படி 58 சதவீதம், 12,586. சென்னைக்கு வீட்டு வாடகைப்படி 30 சதவீதம், 6,510. போக்குவரத்துப்படி 3,600, அதற்கும் அகவிலை சேர்த்து 5,688. மொத்தம் 46,484. என்.பி.எஸ். பென்ஷன் திட்டத்துக்கு 3,429 பிடிப்பார்கள், அரசு 14 சதவீதம் போடும்.

பார்சல் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், ஓ.டி.பி. டெலிவரியும் வந்துவிட்டது. இனி போஸ்ட்மேன் வேலையும் நம் வேலையும் வாசலில் ஒன்றுதான். ராஜாஜி சாலை ஜி.பி.ஓ. படியில் இறங்குபவருக்கும் ஹப் ஷட்டருக்கு அடியில் குனிந்து வருபவனுக்கும் நடுவில் கிட்டத்தட்ட முப்பதாயிரம்.

ஆனால் வெளியிலிருந்து நேராகப் போஸ்ட்மேன் ஆக வழி கிட்டத்தட்ட இல்லை. வாசல் ஜி.டி.எஸ்., கிராமிய தபால் ஊழியர் வேலை. பத்தாம் வகுப்பு மதிப்பெண், பரீட்சை கிடையாது, வயது 18 முதல் 40. நான்கு மணி நேர வேலைக்கு 10,000, அகவிலையோடு 15,800. அதன்பிறகு உள்தேர்வு எழுதி மேலே ஏற வேண்டும். மதிப்பெண் பட்டியலில் 90க்குக் கீழே இருப்பவன் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

இ.எஸ்.ஐ.யை நேற்றுவரை வெறும் 143 ரூபாய்ப் பிடித்தமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே பின்பக்கம் 35 கிலோவோடு போகிறவன் அப்படிப் பார்க்கக்கூடாது. வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளாகவே இருந்தாலும், கூலியில் 90 சதவீதம். சாதாரண நோய்க்கு 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை; அதற்கு ஆறு மாதக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். அயனாவரம் ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கும் சேர்த்து. சம்பளம் 21,000ஐத் தாண்டினால் கிடையாது, ஆகவே 19,000 என்பது இதற்கு வசதியான இடம்.

வெண்டரிடம் விபத்துக் காப்பீடு உண்டு என்கிறார்கள். பாலிசி எண் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். அது எட்டு மாதமாக வந்துகொண்டிருக்கிறது.

நவம்பர் 15, சனி

லெட்டர் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

மழை மாதக் கணக்கு. நான்கு நாள் வண்டி எடுக்க முடியாது என்று வைத்தால் வெண்டரில் 22 நாள். 19,140இல் எல்லாம் போக 14,838. ஆன்-ரோலில் சம்பளம் குறையாது, தேய்மானம்கூட மிச்சம்: தொழில்வரியைச் சேர்க்காமல் 16,330. 1,425 கூட இருந்தது இப்போது 1,492 குறைவு. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்குச் சுற்றித்தான் போக வேண்டும், அந்த நாளில் 58ஆவது ஒன்றாவது.

மணிக்கணக்குச் சம்பளம் என்று ஒன்றும் இருக்கிறது. 2019இல் அமேசான் பிளெக்ஸ் வந்தபோது மணிக்கு 120 முதல் 140 என்றார்கள். மணிக்கணக்கில் கேட் மூடியிருக்கும் நேரத்துக்கும் காசு ஓடும். பார்சல் கணக்கில் கேட்மேனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நவம்பர் 19, புதன்

மேலே போவது பற்றி. ரைடர், ஷிப்ட் இன்சார்ஜ், ஹப் இன்சார்ஜ், அதற்கு மேல் ஏரியா. ஒரு ஹப்பில் 40 ரைடர், ஷிப்ட்டுக்கு 2 பேர், இன்சார்ஜ் 1. நாற்பதில் ஒருவன். வெண்டர் ஆட்களை இந்த வரிசையில் சேர்ப்பதே இல்லை, ஆன்-ரோல் ஐ.டி. இருந்தால்தான் உள் விளம்பரம் கண்ணில் படும். கையில் குறையும் அந்த 1,425க்குக் கிடைப்பது இதுதான்.

இன்சார்ஜ் ஆக வேண்டியவனுக்கு வண்டி ஓட்டும் திறமை உதவாது. காலை லாரி இறங்கும்போது பை எண்ணிக்கை சீல் எண்ணோடு ஒத்துப்போகிறதா, ஸ்கேன் ஆனது எவ்வளவு, இரண்டு நாளாகக் கிடப்பது எவ்வளவு, ஆர்.டி.ஓ. எவ்வளவு. (ஆர்.டி.ஓ. என்றால் இங்கே லைசென்ஸ் ஆபீஸ் இல்லை, அனுப்பியவருக்கே திரும்பும் சரக்கு.) இரவு சி.ஓ.டி. ரொக்கம் ரன் ஷீட்டோடு டேலி ஆக வேண்டும், 500 குறைந்தாலும் அவர் கையெழுத்து. எக்செல்லில் பிவட் (தொகுப்பு அட்டவணை) போடத் தெரிந்தவன் மூன்று வருடம் வண்டி ஓட்டியவனைத் தாண்டிப் போகிறான். அநியாயம் என்று சொல்லமாட்டேன். பிவட் கற்றுக்கொள்ள இரண்டு ஞாயிறு போதும்.

இந்த வருடம் ஈகாம் எக்ஸ்பிரஸ் கூரியரை டெல்லிவரி என்ற கம்பெனி வாங்கிவிட்டது. ஒரே பின்கோடில் இரண்டு ஹப் இருந்தால் ஒன்றாகும், இரண்டு நாற்காலியும் ஒன்றாகும். சேரும்போது கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் அல்ல, அந்தப் பின்கோடில் பக்கத்துக் கம்பெனி யார் கைக்குப் போகப்போகிறது என்பது.

நவம்பர் 21, வெள்ளி

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இன்றுமுதல் அமல். 29 சட்டத்துக்குப் பதில்.

நவம்பர் 22, சனி

முழுக்க இதையே படித்தேன். கூலி என்று கணக்கிடுவது மொத்தத்தில் பாதிக்குக் கீழே போகக்கூடாது. ஆக 7,600 இனிச் செல்லாது, குறைந்தது 9,500. பி.எஃப். 1,140. ஒப்பந்தக் காலம் குறிப்பிட்டு எடுப்பவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. ஆப் வழி வேலைக்காரர்களுக்காகக் கம்பெனிகள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குப் போட வேண்டும். அது எப்போது, எந்த வழியாகக் கைக்கு வரும் என்பது விதிகள் வந்தபின்.

எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்றும் இருக்கிறது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

நவம்பர் 24, திங்கள்

மாதவரம்: "புது ரூல் வந்துடுச்சில்ல தம்பி, ஹெட் ஆபீஸ்ல மறுபடியும் பிரிச்சிட்டிருக்காங்க."

நவம்பர் 27, வியாழன்

ஆப் வழி வேலைக்காரர்களுக்கான மாநில நலவாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் இன்னும் ஹப்பில் பாதி. மின் ஸ்கூட்டருக்கு 20,000 மானியம் என்று பட்ஜெட்டில் அறிவித்தது 2,000 பேருக்குத்தான், அதுவும் வாரிய உறுப்பினருக்கு. மின் வண்டியென்றால் மேலே போட்ட கணக்கில் 3,510 என்ற வரியே மாறிவிடும். ஆனால் நாலாவது மாடி ஹவுசிங் போர்டு வீட்டில் சார்ஜ் எங்கே போடுவது? பேட்டரியைக் கழற்றித் தூக்கிப்போகிற மாதிரி வண்டியாகத்தான் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

டிட்வா புயல். வண்டி எடுக்கவில்லை. பூஜ்யம் இன்டு 15.

டிசம்பர் 4, வியாழன்

லெட்டர் வந்துவிட்டது. காலை 11:40, மெயிலில், மூன்று பக்கம். பதவி, இடம், ஆறு மாதத் தகுதிகாண் காலம், 30 நாள் நோட்டீஸ். "சம்பளப் பிரிப்பு இணைப்பு 2இல் காண்க."

இணைப்பு 1 இருக்கிறது, நடத்தை விதிகள். இணைப்பு 2 இல்லை.

பதில் போட்டிருக்கிறேன்.