மூலப் பத்திரம் கேட்காத வங்கி

வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில்தான் ஜப்பானிய இடதுசாரி எழுத்தாளர் கொபயாஷி தகிஜியைப் படித்தேன். அவரும் வங்கி ஊழியர் என்பதால் ஒரு தனி ஒட்டுதல். 1924 முதல் 1929 வரை, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்காய்டோவின் ஒதாரு துறைமுக நகரில், ஹொக்காய்டோ தகுஷொகு வங்கியில் வேலை. ஹொக்காய்டோவில் குடியேற்றத்துக்கும் தொழிலுக்கும் கடன் கொடுக்கவென்றே 1900இல் தொடங்கப்பட்ட வங்கி அது.

கடன் கோப்பில் ஒரு விவசாயி கையெழுத்தாகவும் சர்வே எண்ணாகவும்தான் வருவார். அவர் எப்படி அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் என்று எந்தப் படிவமும் கேட்காது. தகிஜி அதைத்தான் எழுதினார். 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவசாயத்துக்கென்று ஒருவருக்கு 15 லட்சம் ட்சுபோ வரை, அதாவது சுமார் 1,200 ஏக்கர், இலவசமாகவே கிடைத்தது. பணமுள்ளவர்கள் வளைத்துப் போட்டார்கள். சொந்த நிலம் கிடைக்கும் என்று கடல் தாண்டி வந்த ஏழைகள், காட்டை வெட்டித் திருத்திவிட்டுக் குத்தகைக்காரர்களாக நின்றார்கள். முதலாளி நகரத்தில், நிலம் அடமானத்தில். 1929இல் வந்த 'ஊரில் இல்லாத நிலக்கிழார்' கதையில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. வங்கிக்குள் இருந்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். வங்கிக்கும் தெரிந்தது, அந்த ஆண்டே வேலை போயிற்று. 1933இல் தோக்கியோவில் காவல்துறையின் சித்திரவதையில் இறந்தபோது அவருக்கு வயது 29.

1929இலேயே வந்த அவருடைய 'நண்டுக் கப்பல்' இந்தக் கதையைவிடப் புகழ்பெற்றது. ரஷ்யாவின் கம்சாத்கா கடலில் நண்டு பிடித்து டப்பாவில் அடைக்கும் கப்பல். அது தொழிற்சாலை என்பதால் கப்பல் சட்டம் செல்லாது. ஆனால் தொழிற்சாலைச் சட்டமும் செல்லாது. ஒப்பந்த ஊழியர்களோடு வேலை செய்த யாருக்கும் இந்த ஓட்டை புதிதாக இருக்காது. வேலைக்கு வந்தவர்களும் யார்? நிலம் இழந்த விவசாயிகள், சுரங்கத்தை விட்டு ஓடி வந்தவர்கள். ஹொக்காய்டோ ரயில் பாதையின் ஒவ்வொரு கட்டையும் ஒரு தொழிலாளியின் பிணம் என்று அதில் ஓர் இடம் வரும். கொரியாவிலும் தைவானிலும் போலவே இங்கும் ஆட்களை இஷ்டத்துக்கு வதைக்கலாம் என்பது முதலாளிகளின் கணக்கு என்றும் வெளிப்படையாகவே எழுதுகிறார். வேலை நிறுத்தம் நடக்கும்போது கடற்படைக் கப்பல் வருகிறது. நம்மைக் காப்பாற்றத்தான் வருகிறது என்று நம்புகிறார்கள். சிப்பாய்கள் ஏறி வந்து ஒன்பது பேரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஒரு குறை எனக்கு உண்டு. எங்கள் கிளையில் நிலத்தின் மேல் கடன் என்றால் மூலப் பத்திரம் கேட்போம்; அதற்கு முன்னால் யாருடையது, அதற்கும் முன்னால் யாருடையது என்று பின்னோக்கிப் போவோம். தகிஜி குத்தகைக்காரர் வரைக்கும் போனார். அந்த நிலத்தில் முன்பு வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் ஹொக்காய்டோவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள். அன்றைய ஜப்பானின் மெய்ஜி அரசு அதை அரசு நிலமாக்கித்தான் குடியேறிகளுக்குப் பங்கிட்டது. வதைக்கப்பட்ட குடியேறி, வேறொருவரின் மண்ணில்தான் வதைபட்டார் என்ற விஷயம் இந்த இரண்டு கதைகளிலும் மையத்துக்கு வரவே இல்லை.