ரேஷன் கடை வளைவும் நான்காவது கம்பமும்

போன வருடம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், எங்கள் தெரு ஆயா ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது பைக் மோதி இடுப்பு எலும்பு முறிந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது துவரம்பருப்பு ரோட்டில் சிதறிக் கிடந்தது. ஆயா வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கார்டு எங்க விழுந்துச்சு பாரு, கார்ட எடு" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்கள் இடம் தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது. ரோட்டின் ஒரு பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியும் ரேஷன் கடையும். எதிர்ப்பக்கம் நாங்கள் குடியிருக்கும் தெருக்கள். ஒகேனக்கல் போகிற வண்டிகளும் இந்த வழியாகத்தான் போகும். ஏழு மீட்டர் அகல ரோடு, நடுத்திட்டு கிடையாது. தினமும் அதைக் கடக்காமல் எங்களில் யாருக்கும் பிழைப்பு இல்லை.

நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். அந்த மாதக் கூட்டத்தில், பள்ளி கேட்டுக்கு எதிரில் ஒன்றும் ரேஷன் கடைக்கு எதிரில் ஒன்றுமாக இரண்டு ஜீப்ரா கிராசிங், இரண்டு இடத்திலும் மஞ்சள் பிளிங்கர் (விட்டு விட்டுச் சிமிட்டும் எச்சரிக்கை விளக்கு), வேகத்தடை என்று தீர்மானம் போட்டோம். எங்கே வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு உடனே கிடைத்தது. ஆனால் மனு போய்ச் சேர்ந்தது தவறான அலுவலகத்துக்கு. ஐந்து வாரம் கழித்து, "இச்சாலை எங்கள் பராமரிப்பில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஐந்து வாரமும் பிள்ளைகள் அதே ரோட்டைத்தான் கடந்தார்கள். யாருடைய சாலை என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது. தெரிந்துகொள்வதும் பெரிய விஷயமில்லை: கிலோமீட்டர் கல்லின் தலையைப் பார்த்தாலே போதும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. எங்கள் கல் பச்சை. மனு எழுதும் முன் தயவுசெய்து கல்லைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சரியான அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்தேன். மனுவில் நான், 2022-ல் மட்டும் இந்தியாவில் 32,825 பாதசாரிகள் சாலை விபத்தில் இறந்தார்கள் என்று எழுதியிருந்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். "இது நாட்டுக் கணக்கு மேடம். இத வெச்சு நான் எஸ்டிமேட் போட முடியாது. உங்க ரோட்டுக் கணக்கு கொண்டாங்க. எத்தனை பேர் கடக்கறாங்க, எந்த இடத்துல, எத்தனை மணிக்கு, அந்நேரம் எத்தனை வண்டி போகுது. எங்க ஆட்களும் எண்ணுவாங்க, ரெண்டையும் ஒத்துப் பார்ப்போம்" என்றார். தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்து அன்று கோபமாகத்தான் வீடு திரும்பினேன்.

எப்படி எண்ணுவது என்று வழி சொன்னது பக்கத்து வீட்டுப் பையன். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறான். "மின்கம்பத்த அடையாளமா வெச்சுக்கலாம்க்கா" என்றான். கம்பத்துக்குக் கம்பம் சுமார் 40 மீட்டர். பேருந்து நிறுத்தத்துக்கு முன்னாலிருந்து ரேஷன் கடை வளைவு வரை ஒன்பது கம்பம். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டோம். குழுவில் இருந்த அம்மாக்கள் ஆளுக்கு மூன்று கம்பம் என்று பிரித்துக்கொண்டு, கடக்கிறவர்களைக் கால் மணிக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டு எண்ணினார்கள். குழந்தை, பெரியவர், வயதானவர் என்று தனித்தனிப் பத்தி. பையனும் அவன் நண்பனும் இரண்டு திசை வண்டிகளையும் எண்ணினார்கள். செவ்வாய், வியாழன் காலையும் மாலையும்; ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலிலும்.

முதல் நாள் தாளைக் கூட்டிப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் கேட்டிருந்த இரண்டு இடத்திலுமே கூட்டம் இல்லை. பள்ளி கேட் ஆறாவது கம்பம். அதிகம் பேர் கடந்தது நான்காவது கம்பத்தில், டவுன் பஸ் நிற்கிற இடத்தில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்பக்கமாகவே குறுக்கே போகிறார்கள். பின்னால் வருகிற வண்டி பஸ்ஸை ஒதுக்கிக்கொண்டு முந்தும்போது, ஓட்டுகிறவருக்கு இவர்களைத் தெரியாது, இவர்களுக்கும் அந்த வண்டி தெரியாது. நான் பதினைந்து வருடமாக அப்படித்தான் கடந்திருக்கிறேன். கையில் தாளோடு நின்று பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

தாளோடு மறுபடி போனேன். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டி நெறிகளில், பாதசாரி வசதிகளுக்கான 103-ஆம் எண் நெறியில் சொல்லப்படும் கணக்கைப் பொறியாளர் போட்டுக் காட்டினார். நெரிசலான ஒரு மணி நேரத்தில் கடக்கிறவர்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் இரண்டு திசையிலும் போகிற வண்டிகளின் எண்ணிக்கையால் இரண்டு முறை பெருக்க வேண்டும். நடுத்திட்டு இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்டினால் அந்த இடம் கிராசிங்குக்குத் தகுதி பெறும். நடுத்திட்டு உள்ள சாலைக்கு அளவு 20 கோடி.

காலை 8.15 முதல் 9.15 வரை எங்கள் ரோட்டில் 962 வண்டிகள். நான்காவது கம்பத்தில் கடந்தவர்கள் 214 பேர்; பெருக்கினால் கிட்டத்தட்ட 19.8 கோடி. பள்ளி கேட்டில் 97 பேர், 9 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. ரேஷன் கடையில் 38 பேர், மூன்றரைக் கோடி. ஞாயிறு பகலில் ஒகேனக்கல் வண்டிகளால் ஒரு மணி நேர வண்டிக் கணக்கு 1,300-ஐத் தொட்டிருந்தது. அன்று நான்காவது கம்பத்தில் 80 பேர்தான் கடந்தார்கள், ஆனாலும் விடை 13 கோடிக்கு மேல். வண்டி கூடக் கூட அபாயம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது.

"விழுந்தது ரேஷன் கடைகிட்டதானே சார்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் பதில் சொல்லாமல் எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

ஒன்பதாவது கம்பத்தில் நின்று டேப் பிடித்தோம். வளைவில் வண்டி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற இடத்துக்கும் எங்களுக்கும் 60 மீட்டர்தான் இருந்தது. நடக்கிறவருக்கு நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கு வைத்தால் ஏழு மீட்டரைக் கடக்க ஆறு நொடி ஆகும். அந்த ஆறு நொடியில், 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி 100 மீட்டர் வந்துவிடும். ஆயா மாதிரி குச்சி ஊன்றி நடக்கிறவருக்குப் பத்து நொடி வேண்டும், அதற்குள் வண்டி 160 மீட்டருக்கு மேல் வந்துவிடும். "இங்க கோடு போட்டா, கோடு இருக்குன்னு நம்பி இறங்குவாங்க. வர்றவனுக்குக் கோடும் தெரியாது, ஆளும் தெரியாது. கோடு போடாம இருக்கறதே மேல்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மனசு ஆறவே இல்லை.

பள்ளி கேட்டுக்கு வழி சொன்னவர் எங்கள் தலைமை ஆசிரியர். சுற்றுச்சுவரில் நான்காவது கம்பத்துக்குப் பக்கமாக ஒரு சின்ன கேட் உண்டு, பல வருடமாகப் பூட்டியே கிடந்தது. "கோடு கேட்டுக்கு வராதுன்னா, கேட்ட கோட்டுகிட்ட கொண்டு போயிடலாமே" என்றார். ஒரு பூட்டு, கொஞ்சம் கிரீஸ், புதர் வெட்ட ஒரு நாள் கூலி. இதற்கு எந்த அலுவலகத்துக்கும் மனு தேவைப்படவில்லை.

வேகத்தடை கிடைக்கவில்லை. நெடுஞ்சாலையில் மேடு போடுவதை நெறிகள் ஏற்பதில்லை என்று சொல்லி, அதற்குப் பதிலாகக் கிராசிங்குக்கு முன்னால் குறுக்கே தடித்த வெள்ளைப் பட்டைகள் எழுதினார்கள். சக்கரம் ஏறும்போது தடதடவென்று அதிரும். கிராசிங்கையே பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தள்ளி அமைத்தார்கள். இப்போது பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் பஸ்ஸின் பின்பக்கமாகக் கடக்கிறார்கள். இந்தச் சின்ன மாற்றம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்பேன்.

பிளிங்கர் இரண்டு கிடைத்தது. நான்காவது கம்பத்துக்கு ஒன்று. இன்னொன்றை ரேஷன் கடை வளைவுக்கு முந்தைய நேர்ப் பகுதியிலேயே, எச்சரிக்கைப் பலகையோடு வைத்தார்கள். பார்க்கிற இடமெல்லாம் மஞ்சள் விளக்கு சிமிட்டினால் யாரும் அதை மதிக்க மாட்டார்கள் என்பது பொறியாளரின் கருத்து. நான்குரோட்டுக்குப் போய்வரும்போது கவனித்தேன், அவர் சொன்னது சரி. கிராசிங் மேல் வெளிச்சம் விழத் தெருவிளக்கைத் தள்ளி வைக்க மட்டும் உள்ளாட்சிக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது.

பெயின்ட் வேலை ஐப்பசி மழையால் தள்ளிப்போனது. அது காய்ச்சி ஊற்றுகிற பெயின்ட், ரோடு ஈரமாக இருந்தால் ஒட்டாது. தை மாதம் ஒரு காலையில் வந்து, அரை மீட்டர் வெள்ளை, அரை மீட்டர் இடைவெளி என்று இழுத்து, சூடு ஆறி இறுகும் முன் கண்ணாடித் துகளைத் தூவினார்கள். இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுவது அதனால்தான். என் சின்னவன் பள்ளிக்குப் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனைத் திட்டவில்லை.

முதல் வாரம் வண்டிகள் நிற்கவில்லை. கிராசிங்கில் கடக்கிறவருக்கு வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம், ஆனால் அது ரோட்டில் தானாக நடக்காது. போக்குவரத்துக் காவலர் சில நாள் காலையில் வந்து நின்றார். பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்துக் கடக்க வைத்தோம். ஒரு மாதம் கழித்து அதே கம்பங்களில் மறுபடி எண்ணினோம். முக்கால்வாசிப் பேர் கோட்டின் மேல் கடந்தார்கள். பஸ்களும் லாரிகளும் நிற்கின்றன. பைக்குகள் இன்னும் இல்லை.

ரேஷன் கடை விஷயம் முடியவில்லை. அங்கே பாதுகாப்பாகக் கடக்க வைக்க முடியாது என்றால், கடக்க வேண்டிய தேவையையே குறைக்கலாம் என்று இப்போது நினைக்கிறோம். எங்கள் பக்கத்து அட்டைதாரர்களுக்கு இந்தப் பக்கமே ஒரு பகுதிநேரக் கடை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், வீட்டு வாரியாக எண்ணிய கணக்கோடு. ஒப்புகைச் சீட்டு என் பீரோவில் இருக்கிறது. ஆயா இப்போது வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார். அவருடைய அரிசியையும் பருப்பையும் நான்தான் வாங்கி வருகிறேன், நான்காவது கம்பம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு.