பூம்பாறை: டாக்ஸியிடம் தப்பி, தாத்தாவிடம் மாட்டிய கதை

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை என்கிற மலைக்கிராமம் சுமார் 20 கிலோமீட்டர். போய்வர ஒரு டாக்ஸிக்காரர் கேட்டது 2,800 ரூபாய். ஊருக்குள் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்றால், "ஊருக்குள்ள என்ன சார் இருக்கு? மேல ரோட்டுலேர்ந்தே வியூ தெரியும். போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிரலாம்" என்கிறார். ஒரு போட்டோவுக்கு 2,800! பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ்ஸும் லேசுப்பட்டதில்லை. எப்போது வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள். வந்ததும் இருந்த கூட்டம் மொத்தமும் ஏற, எனக்குக் கிடைத்த சீட் ஒரு உர மூட்டை. வளைவுக்கு வளைவு ஒரு பாட்டியின் தூக்குவாளி முழங்காலைப் பதம் பார்த்தது. ஆனால் டிக்கெட் காசு டீ, வடை கணக்குதான்.

குழந்தை வேலப்பர் கோயிலில் கூட்டமில்லை. மூலவர் போகர் சித்தர் செய்த சிலை என்பது ஊர் நம்பிக்கை. கும்பிட்டுவிட்டு சந்தில் திரும்பியதும் பூண்டு நெடி ஆளைத் தூக்கியது. ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் பூண்டைக் குவித்துப் போட்டுப் பல் பிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். "நின்னு பார்த்தா கழுத்து வலிக்கும், உக்காரு தம்பி." அவ்வளவுதான், அன்றைய பிளான் மொத்தமும் காலி.

வயது 86. "கார்டுல கம்மியாத்தான் போட்டிருக்கான்" என்று சிரித்தார். பிறந்தது அதே வீட்டில். கட்டைவிரலால் முழுப்பூண்டை ஒரு அழுத்து, பல் உதிர்கிறது. பெரியது விதைக்கு, சின்னது குழம்புக்கு. ஒல்லிப் பல்லை ஊன்றினால் ஒல்லிப் பூண்டுதான் வருமாம். உள்ளே அடுப்புக்கு மேலே கம்பு கட்டி, தாளோடு கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். புகை ஏறி எல்லாம் பழுப்பாகிக் கிடக்கிறது. "பொகை பட்டாத்தான் பூச்சி அண்டாது."

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே என்று பெருமையாகச் சொன்னேன். "கெடைச்சுச்சு. வெலைய இன்னைக்கும் வடுகபட்டி வியாபாரிதான் சொல்றான்" என்றார், கை நிற்காமல். வடுகபட்டி, பெரியகுளம் பக்கத்தில் பூண்டுச் சந்தை கூடுகிற ஊர்.

திருப்பூரில் இருக்கும் மூத்த மகன் ஒருமுறை கூட்டிப் போயிருக்கிறார். "அங்க மண்ணை மிதிக்கணும்னா லிப்ட்ல எறங்கணும்." விதைப்பு வருகிறது என்று சொல்லித் திரும்பி வந்தவர், அதற்குப் பிறகு மலை இறங்கவில்லை. கஜா புயலில் கூரைத் தகரம் பறந்தபோதும் இங்கேதான். அதற்காக மண்வாசனை, பாரம்பரியம் என்று வசனம் பேசுகிற ஆள் இல்லை. முட்டி போய்விட்டது, படிப்படியாக இருக்கிற காட்டில் ஏறுவது எமன் என்று திட்டுகிறார். காட்டேஜ் கட்ட இடம் கேட்டு நல்ல விலையோடு ஆள் வந்ததாம். கொடுக்கவில்லை. ஏன் என்றேன். "வித்துட்டு, காலையில எந்திரிச்சு எங்க போறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குள் சின்ன மருமகள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். ஆவி பறக்கிற சோறு, மேலே பூண்டுக் குழம்பு. முழுப் பல், கடித்தால் வெண்ணெயாகக் கரைகிறது, பின்னாலேயே சுள்ளென்று ஒரு காரம் ஏறுகிறது. முதல் நாள் கொடைக்கானலில் 320 ரூபாய் கொடுத்துத் தின்ற பிரியாணியை நினைத்துக் கடுப்பானேன். பணம் நீட்டினேன், அந்த அக்கா முறைத்த முறைப்பில் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாடித் தோட்டத்துக்குக் கொஞ்சம் விதைப் பூண்டு கேட்டுப் பார்த்தேன். "மெட்ராஸ் வெயில்லயா? வெந்து போயிரும்" என்று தர மறுத்துவிட்டார். குழம்புக்கு ஒதுக்கியதில் ஒரு கிலோ தந்தார், இதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். ஏரிக்கரைக் கடையில் கேட்டதைவிடக் குறைவு.

போகிறவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸுக்குத் தேவையில்லை. திரும்பி வருகிற கடைசி வண்டி எப்போது என்று கண்டக்டரிடம் இறங்கும்போதே கேட்டு வையுங்கள். டீக்கடையில் கேட்காதீர்கள், அங்கேயும் ஆளுக்கொரு நேரம்தான்.